தைராய்டுக் குறைவும் தீராத சோர்வும்

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல ஒரு சிறு சுரப்பி மூச்சுக்குழலைத் தழுவி அமைந்திருக்கிறது. தைராய்டு என்பது அதன் பெயர். கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். அதன் எடை ஏறத்தாழ 20 கிராம் அளவே. ஆயினும், உடம்பாகிய அடுப்பில் தீ எந்த அளவு எரிய வேண்டும் என்பதை முறைப்படுத்துவது இச்சுரப்பியே. அது மந்தமுற்றால் உடல் குளிர்கிறது, தோல் வறள்கிறது, மலம் இறுகுகிறது, நினைவு மங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் நீங்காத ஓர் அசதி வந்து உடலை அழுத்துகிறது.

இந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. எனினும், மருந்து உண்டும் அசதி அகலவில்லை என்று கூறுவோரை நாம் எங்கும் காண்கிறோம். "மாத்திரைதான் சாப்பிடுகிறாயே, இன்னும் என்ன களைப்பு?" என்று வீட்டார் வினவுகின்றனர். சொந்த ஊரை விட்டு வந்து, தாயோ தமக்கையோ அருகிலிருந்து கைகொடுக்க இயலாத இடத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்க்கு இந்தக் கேள்வி இன்னும் சுடும். அக்களைப்பு உண்மையா, சோம்பலா? இதற்கு விடை காண, இந்நோயின் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

1873ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து மருத்துவர் சர் வில்லியம் கல் என்பவர், நடுத்தர வயதுப் பெண்மணிகள் சிலரிடம் தாம் கண்ட ஒரு விந்தையான மாறுதலை மருத்துவர் சபையொன்றில் எடுத்துரைத்தார். சுறுசுறுப்பாக இருந்தவர்கள் படிப்படியாக மந்தமடைந்தனர், முகம் உப்பியது, நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. 1878இல் வில்லியம் ஆர்டு என்பவர் இந்நோய்க்கு மிக்ஸிடீமா என்று பெயரிட்டார். தோலுக்கடியில் கோழை போன்ற பொருள் சேர்ந்து வீங்குவதைக் கண்டு இட்ட பெயர் அது. பெயர் கிடைத்ததேயன்றி, காரணம் விளங்கவில்லை.

காரணம் எதிர்பாராத இடத்திலிருந்து தெரியவந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் என்ற அறுவை மருத்துவர், கழுத்துக் கழலைகளை அகற்றுவதில் பெரும்புகழ் பெற்றிருந்தார். தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களைப் பின்னர் மீண்டும் வரவழைத்துப் பார்த்தபோது, சுரப்பி முழுவதையும் இழந்தவர்களிற் பெரும்பாலோர் களைத்து, உடல் வீங்கி, அறிவு மந்தித்திருக்கக் கண்டார். 1883இல் அச்செய்தியை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் பெலிக்ஸ் செமன் என்னும் மருத்துவர், கோச்சர் கண்டதும் லண்டனில் கண்டதும் ஒரே நோய் என்று எடுத்துக் கூறினார். முதலில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும், ஆராய்வதற்கு ஒரு குழு அமைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாறுகளை ஆராய்ந்த அக்குழு, செமன் கூறியதே சரியென 1888இல் தீர்ப்பளித்தது. அன்றுதான், அந்த அசதி மனத்தின் குற்றமன்று, ஒரு சுரப்பியின் குறையே என்பது ஐயமற நிலைபெற்றது.

காரணம் தெரிந்தபின் மருந்து பிறக்க நெடுங்காலம் ஆகவில்லை. 1891இல் நியூகாசில் நகரத்து இளம் மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது, நடையில் வேகம் பிறந்தது. மறு ஆண்டிலேயே, ஊசி வேண்டா, வாய் வழியே உண்டாலும் பயன் தரும் என்று வேறு மருத்துவர்கள் கண்டனர். அப்பெண்மணி பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74ஆம் வயதில் 1919இல் இயற்கை எய்தினார். அவரை வாழ்வித்த சாற்றுக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மர்ரே கணக்கிட்டு எழுதினார்.

இங்கே நாம் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து நோயை வேரறுப்பதன்று. இல்லாத ஒன்றை நாள்தோறும் ஈடுசெய்வது. ஆகவேதான் அப்பெண்மணி 28 ஆண்டுகளும் அதனை விடாமல் உண்ண நேர்ந்தது.

சாற்றினுள் இருந்த உயிர்ப்பொருளை அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் 1914 டிசம்பர் 25ஆம் நாள் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ 3 டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவர் பெற்றது 33 கிராமே. தைராக்ஸின் எனப் பெயர்பெற்ற அப்பொருளின் அமைப்பை 1926இல் சார்லஸ் ஹாரிங்டன் கண்டறிந்தார். மறு ஆண்டு சோதனைச்சாலையிலேயே அது செய்யப்பட்டது. இன்று நாம் மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோகிராம் என்னும் அளவில் உண்ணும் சிறு மாத்திரை அதன் வழித்தோன்றலே.

நம் நாட்டிலும் இதற்கொரு சரித்திரம் உண்டு. இமயமலைச் சாரலின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் அங்கே கழலை நோய் மிகுதி. 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் அயோடின் கலந்த உப்பை வழங்கிச் சோதித்தனர். அவ்வுப்பை உண்ட பகுதிகளில் கழலை குறைந்தது. 1962இல் தேசியத் திட்டமே உருவாயிற்று. ஆனால், ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்க வேண்டும். அயோடின் குறையால் வரும் நோயை உப்புத் தடுக்கும். உடலின் காப்புச் சக்தியே திசைமாறித் தன் சுரப்பியைத் தாக்கி அழிக்கும் நோய் வேறு. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தது இவ்வகையே. அதற்கு அயோடினை மிகுதியாக உண்பதால் பயனில்லை, தீங்கும் நேரலாம்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். மருந்து போதுமா என்பதை முன்னாளில் நோயாளியின் சொல்லையும், உடல் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவையும் கொண்டு கணித்தனர். 1960களின் நடுவில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டைத் தூண்ட அனுப்பும் டி.எஸ்.எச். என்ற பொருளை இரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. தைராய்டு குறைந்தால் இது கூடும். மருந்து மிஞ்சினால் இது குறையும். இவ்வளவை வைத்துப் பார்த்தபோது, அதுவரை பலருக்கு அளவுக்கு மேல் மருந்து கொடுக்கப்பட்டு வந்தது தெரிந்தது. நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை இருந்த அளவு, 100, 150 என்று இறங்கியது. மிகை மருந்து இதயத் துடிப்பைக் குலைக்கும், எலும்பை மெலிவிக்கும். ஆதலால் இம்மாற்றம் நன்மையே.

ஆயினும், இதனோடு ஒரு புதிய இடரும் வந்தது. இரத்தத்தின் எண் சரியாகிவிட்டால் நோயும் சரியாகிவிட்டது என்று கருதும் வழக்கம் பரவியது. எண் சரியாக இருந்தும் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை சோர்வு முதலிய குறைகளைச் சொல்கின்றனர் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. தைராக்ஸின் உடலினுள் டி-3 என்ற வேறொரு பொருளாக மாறியே பெரிதும் வேலை செய்கிறது. அதனையும் சேர்த்துக் கொடுத்தால் நலம் என்று 1999இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த பல ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. அந்த ஆராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை.

அதற்கிடையே நாம் செய்யத்தக்கவை பல. முதலாவது, பொறுமை. தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே, ஓர் அளவின் பயன் இரத்தத்தில் நிலைபெற 6 முதல் 8 வாரம் வேண்டும். நான்கு நாளில் பலனில்லை என்று மனம் தளரலாகாது. இரண்டாவது, மாத்திரை உண்ணும் முறை. வெறும் வயிற்றில், தண்ணீரோடு உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே உணவு கொள்ள வேண்டும். விடிந்ததும் காப்பியைத் தேடும் பழக்கம் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் நம்மை விடுவதில்லை. அந்தக் காப்பியும் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். உடன் அருந்தினால் மருந்து உடலிற் சேர்வது குறையும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மூன்றாவது, வேறு காரணங்களைத் தேடுதல். இரத்தசோகை, பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு ஆகியவையும் இதே அசதியைத் தரும். நான்காவது, நாளின் வேலைகளைப் பகுத்து, உடல் தெளிவாக உள்ள வேளையில் கடினமானவற்றை முடித்து, நாள்தோறும் சிறிது நடந்து, வேளையோடு உறங்குதல். மருந்தின் அளவைத் தாமே கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது.

மருத்துவரிடம் செல்லும்போது, எந்த நேரத்தில் களைப்பு மிகுகிறது, எந்த வேலை முடியவில்லை என்பதைக் குறித்து எடுத்துச் செல்வது நன்று. புதிய ஊரின் மொழி முழுதும் கைவராதவர்க்கு அக்குறிப்பு இருமடங்கு உதவும். நோயாளிகள் கூறியதைக் கேட்டு எழுதி வைத்ததனாலன்றோ இந்நோயே வெளிப்பட்டது? கோச்சர் தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்ததனாலன்றோ காரணம் தெரிந்தது? எண் ஒரு சாட்சி. நோயாளியின் சொல் மற்றொரு சாட்சி. இரண்டையும் விசாரித்தே தீர்ப்புக் கூறல் வேண்டும். ஆகவே, இல்லத்தில் ஒருவர் "முடியவில்லை" என்று சொல்லும்போது, அதைச் சோம்பல் என்று தள்ளாது, உடன் அமர்ந்து கேட்போமாக. அவருக்கு அன்று வேண்டிய முதல் உதவி அதுவே.