கொலொம்போ (கிரியோல் சமையல்)

கொலொம்போ என்பது கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றின் கிரியோல் (கலப்புப் பண்பாட்டு) வீடுகளில் ஆட்டிறைச்சி, கோழி, காய்கறி ஆகியவற்றைக் கொண்டு வைக்கும் குழம்பு. அதற்கான பொடிக்கும் அதே பெயர்தான். அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும், 1853 முதல் இத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் சமையலே இதன் வேர் என்பதற்குப் பொடியே சான்று. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு இவற்றோடு அரிசியையும் வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, மஞ்சள் சேர்த்து அரைக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கம்போ என்னும் குழம்பில் கொழுப்பில் வறுத்த மாவு செய்யும் வேலையை, அதாவது குழம்பைக் கெட்டியாக்குவதை, இங்கே அரிசி செய்கிறது.

ஆங்கிலேயர் பரப்பிய கறிப்பொடியின் வழிவந்ததே இது என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பொடிகளில் வறுத்த அரிசி பொதுவாக இல்லை. மேலும், இத்தீவுகளின் மாரியம்மன் வழிபாட்டில் பலியிட்ட ஆட்டைக் கொலொம்போவாகச் சமைத்துப் பரிமாறும் வழக்கம் உண்டு. கடைச்சரக்கோடு சடங்கு வந்து சேராது, மக்களோடுதான் வரும். அதற்காக இதை அப்படியே தமிழ்க் குழம்பு என்றுவிடவும் முடியாது. தைம் தழை, வெங்காயத்தாள், தீவுகளின் கடுங்கார மிளகாய் ஆகியவை சேர்ந்தபின்தான் அது கிரியோல் ஆகிறது. காரைக்காலில் சமைக்க விரும்புவோர் தைமையும் தீவு மிளகாயையும் தேடினால் போதும். பொடிக்கான சரக்கெல்லாம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு.