யார் கையால் வாங்குவது?



கிறித்தவரான நம் முன்னோர்கள் அந்த மதத்திலிருந்து பெற்றது என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விடுதி என்று பட்டியல் போடுகிறோம். நம்மை ஏளனம் செய்பவர்கள் 'அரிசிக்கு மதம் மாறியவர்கள்' என்கிறார்கள். இரண்டு பதில்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. நம் ஆட்கள் கைநீட்டி வாங்கியவர்கள் என்று இரண்டுமே சொல்கின்றன. நாம் இன்று பேச வந்தது வேறொன்றைப் பற்றி. அவர்கள் கொடுக்கும் இடத்துக்கு வரமுடியும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில், கிறிஸ்துவை ஏற்று விசுவாசிக்கிறவர்கள் கடவுளின் பிள்ளைகளாகும்படி ஒன்றைப் பெறுகிறார்கள் என்று வருகிறது. தமிழ் வேதாகமம் அதற்கு 'அதிகாரம்' என்ற சொல்லையே போட்டிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது 'எக்ஸூசியா'. உரிமை, ஆணையிடும் தகுதி என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. கர்ணம், மணியக்காரர், மிராசுதார் ஆகியோரிடம் மட்டுமே அதிகாரத்தைப் பார்த்திருந்த சேரியில் இந்தச் சொல் வாசிக்கப்பட்டபோது என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறப்பால் வராத, பட்டாவில் எழுதப்படாத ஓர் அதிகாரம் அது.

மார்ட்டின் லூத்தர் 1520இல் இதை இன்னும் தெளிவாக்கினார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் குருவே என்றார். குருமார் தனிச்சாதி இல்லை, அவர்கள் செய்வது ஒரு பணி மட்டுமே என்பது அவர் வாதம். அந்த லூத்தரின் சபைதான் 1706இல் சீகன்பால்கு வழியாகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இனி சோதனை நடக்க வேண்டிய இடம் தமிழ் மண்.

தரங்கம்பாடியின் இராஜநாயக்கன்

இராஜநாயக்கன் பறையர். தஞ்சை மராட்டிய அரசின் படையில் சேவகம் பார்த்தவர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், தமிழில் அச்சான சுவிசேஷம் கைக்குக் கிடைத்ததும் தானே வாசித்தார். வாசித்ததைச் சக சிப்பாய்களுக்குச் சொன்னார். 1720களின் பிற்பகுதியில் லூத்தரன் சபைக்கு வந்து உபதேசியாரானார். அப்போது ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை அரசின் எல்லைக்குள் விருப்பம்போல் நுழைய முடியாது. நுழைந்து வேலை செய்தவர்கள் இராஜநாயக்கன் போன்றவர்களே. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த வேலையைச் செய்தார். தஞ்சைப் பகுதியில் சபைகள் வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது என்பதை மிஷனரிகளே தங்கள் கடிதங்களில் ஒப்புக்கொண்டார்கள்.

1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் முதல் தமிழ்க் குரு அபிஷேகம் பெற்றார். கடலூர் வேளாளரான ஆரோன் அவர். 1741இல் இரண்டாவதாக தியோகு அபிஷேகம் பெற்றார். அவரும் வேளாளர். இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவருடைய அறிவிலும் பக்தியிலும் உழைப்பிலும் மிஷனரிகள் குறை காணவில்லை. ஆனால் ஒரு பறையர் கையால் திருவிருந்தைக் கொடுக்க வைக்கத் தயங்கினார்கள். சாதிக் கிறித்தவர்கள் வாங்க மாட்டார்கள், திருவிருந்தின் மதிப்பே போய்விடும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே சற்று நின்று பார்ப்போம். விசுவாசி பெறும் அதிகாரத்தில் மூன்று படிகள் தெரிகின்றன. வாசிக்கும் அதிகாரம், பேசும் அதிகாரம், கொடுக்கும் அதிகாரம். முதல் இரண்டும் இராஜநாயக்கனுக்குக் கிடைத்தன. மூன்றாவது மறுக்கப்பட்டது. ஏன் மூன்றாவது? வாசிப்பது காதோடும் கண்ணோடும் முடிந்துவிடும். பேசினால் எட்ட நின்று கேட்டுக்கொள்ளலாம். அப்பமும் திராட்சரசமும் கையிலிருந்து கைக்கு, கிண்ணத்திலிருந்து வாய்க்குப் போகின்றன. தீண்டாமை காவல் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். எவர் கையால் வாங்கிச் சாப்பிடலாம் என்பது சாதியின் அடிப்படை விதி. லூத்தரின் கோட்பாடு ஊர்க்கிணற்றடியில் தோற்ற அதே காரணத்தால் பலிபீடத்தடியிலும் தோற்றது.

மாக்ஸ் வெபர் 'காரிஸ்மா' என்ற சொல்லைக் கிறித்தவ இறையியலிலிருந்துதான் எடுத்தார். ஆளிடம் இயல்பாகத் தங்கும் அருளாற்றலையும் பதவி தரும் அதிகாரத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். நம் நாட்டில் இந்தப் பிரிவினைக்குச் சாதி முகம் உண்டு. அருளாற்றல் சேரிக்கு வரலாம், பதவி வரக்கூடாது.

கத்தோலிக்கத் தரப்பும் தப்பவில்லை. மதுரை மிஷனில் உயர்சாதியாருக்கென ஒரு வகைக் குருக்களும், மற்றவர்களுக்கெனப் பண்டாரசாமிகளும் இருந்தார்கள். சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதே சிக்கலானது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, அப்படி மறுக்கக் கூடாது என்றது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார். ஆனாலும் பறையருக்கெனத் தனிக்குருக்களை வைத்துக்கொள்ள வழிவிட்டார். சேரிக்குக் குரு உண்டு என்றானது. சேரியிலிருந்து குரு என்பது ஆகவில்லை.

மயிலாடியின் மகாராசன்

இனித் தெற்கே போவோம். திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். தெய்வ தரிசனம் தேடி அவர் சிதம்பரத்துக்கு நடந்தார் என்று அந்தச் சபையின் மரபு சொல்கிறது. நந்தன் கதை தெரிந்த நமக்கு, சேரியிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற பாதை எங்கே முடியும் என்று தெரியும். நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள். மகாராசன் அந்தப் பாதையிலிருந்து திரும்பினார். தஞ்சாவூருக்கு வந்தார். அங்கே கோலாப் ஐயரின் பிரசங்கம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. எந்த வெள்ளைக்காரரும் வருவதற்கு முன்பே அங்கே கூட்டம் சேர்த்தார். மிஷனரி அனுப்பச் சொல்லித் தஞ்சைக்கு முறையிட்டார். அதற்குப் பிறகே 1806இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழியைத் தாண்டி வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. தென் திருவிதாங்கூர்ச் சபையைத் தொடங்கியவர் யார் என்ற கேள்விக்கு மிஷனரியின் பெயரை மட்டும் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

1816இல் ரிங்கல்தௌபே நோயோடு புறப்பட்டபோது, சபையின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். தம் குருவுடையையே அவருக்கு அணிவித்தார் என்று மரபு சொல்கிறது. அடுத்த மிஷனரி மீட் வந்து சேரும்வரை சபையைக் காத்தவர் இந்தச் சாம்பவர்தான். தரங்கம்பாடியில் மறுக்கப்பட்டது மயிலாடியில் எப்படி முடிந்தது? மிஷனரிகளின் மனம் திடீரென விரிந்துவிட்டது என்று நாம் நினைக்கவில்லை. தரங்கம்பாடியில் சாதிக் கிறித்தவர்கள் முன்பே சபைக்குள் இருந்தார்கள். அவர்களை இழக்க மிஷன் அஞ்சியது. மயிலாடியில் சபையே வேதமாணிக்கம் கூட்டியது. அங்கே மறுப்பதற்கு ஆளில்லை. அதிகாரம் யாருக்கு என்பதைக் கோட்பாட்டோடு சபையின் அடித்தளமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. இயக்கம் கட்டுகிற தோழர்களுக்கு இதில் பாடம் உண்டு.

ஒரே கிண்ணம்

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஒன்றாக உட்கார்வது, ஒன்றாகத் திருவிருந்து எடுப்பது என்ற இரண்டும் அதில் முக்கியமானவை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் பலர் சபையைவிட்டு விலகினார்கள். அதற்கு முன்பே சாதி வேறுபாட்டுக்கு ஆதரவாக வாதிட்டு எழுதியவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பாடலையும் மறைக்க வேண்டாம், இதையும் மறைக்க வேண்டாம்.

கிண்ணத்தின் கதை பழங்கதை ஆகிவிடவில்லை. தனிக் கல்லறைத் தோட்டம், தனித் தெரு, தேர்வராத சேரி ஆகியவற்றை எதிர்த்து நம் மக்கள் இன்றும் போராடுகிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல்தான் தலித் ஒருவர் முதன்முறையாகக் கர்தினாலானார். இராஜநாயக்கனை ஒதுக்கியதிலிருந்து எண்ணினால் இடையில் ஏறக்குறைய 280 ஆண்டுகள். மறுபக்கம் அரசும் நிற்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர் வெளியே நிற்கிறார். உனக்குச் சாதி இல்லை என்கிறது சட்டம். உன் சாதி எங்களுக்குத் தெரியும் என்கிறது சபை.

தோழர்களில் சிலர் கேட்கலாம்: இவ்வளவுக்குப் பிறகும் அந்த விசுவாசத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நாமும் இதைக் கேட்டுக்கொண்டதுண்டு. இராஜநாயக்கன் சபையிடம் கையேந்திப் பெற்றவர் இல்லை என்பதே நம் பதில். சபை தனக்கே உரியது என்று நினைத்த புத்தகத்தைத் தானே திறந்தார். அந்தப் புத்தகம் அவருக்குக் கொடுத்ததைச் சபை கொடுக்க மறுத்தது. அந்த இடைவெளியை நமக்குக் காட்டித் தந்ததே அவர் வாழ்க்கைதான். தலித் இறையியல் என்று 1980களில் பெயர் பெற்ற சிந்தனைக்கு, பெயரில்லாத காலத்து உபதேசியார்கள் முன்னோடிகள். மதம் ஏற்றவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் அவர்கள் பொது முன்னோர்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் உபதேசியார்களின் பெயர்களையும் தேடுங்கள். வயதானவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் சபையில் நம் ஆள் ஒருவர் கையால் முதன்முதலில் திருவிருந்து வாங்கியது எந்த ஆண்டு? அன்று யார் யார் எழுந்து வெளியே போனார்கள்? அந்தப் பதில்களை எழுதி வையுங்கள். அடுத்த நினைவுச் சொற்பொழிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.