கள் (புதுச்சேரி)

கள் என்பது பனை, தென்னை, ஈச்சை ஆகிய மரங்களிலிருந்து வடியும் இனிப்புச் சாறு இயற்கையாக நொதித்து உண்டாகும் மதுபானம் ஆகும். இது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தம் போன்ற தென்பெண்ணையாற்றங்கரை ஊர்கள் கடலூர் மாவட்ட எல்லையை ஒட்டியுள்ளன. ஆகவே ஒரே வகை மரத்தின் ஒரே சாறு எல்லையின் ஒருபுறம் விற்பனைப் பொருளாகவும் மறுபுறம் தடை செய்யப்பட்ட பொருளாகவும் உள்ளது.

இறக்கும் முறை

மரமேறுபவர் விரியாத பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவுவார். சீவிய இடத்திலிருந்து வடியும் சாறு கலயத்தில் சேரும். சாறு தொடர்ந்து வடிய, நாள்தோறும் காலையும் மாலையும் பாளையைச் சீவ வேண்டும். பனையில் ஆண், பெண் ஆகிய இரு மரங்களிலும் சாறு இறக்கப்படுகிறது. பனங்கள் கோடைப் பருவத்தில் மிகுதியாகக் கிடைக்கும். தென்னங்கள் ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடியது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு நொதிக்காது. அது பதநீர் எனப்படும். சுண்ணாம்பு தடவாவிடில் அதுவே கள்ளாகும்.

நொதித்தல்

காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈசுட்டுகள் சாற்றின் சர்க்கரையை எரிசாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. நுரைக்கு இவ்வாயுவே காரணம். இலாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. சில மணி நேரத்திலேயே எரிசாராய அளவு ஏறத்தாழ 4 விழுக்காட்டை எட்டிவிடும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் அசிட்டிக் அமிலம் பெருகிக் கள் காடியாகிவிடும்.

திராட்சை மதுவிலிருந்து கள் வேறுபடுவது இங்கேயாகும். எசுப்பானியாவின் ரியோகா மது ஆண்டுக்கணக்கில் முதிர்விக்கப்பட்டு, தன் வட்டாரத்தின் பெயருடன் உலகெங்கும் செல்கிறது. கள் இறக்கிய நாளிலேயே, இறக்கிய ஊருக்கு அருகிலேயே அருந்தப்பட வேண்டியுள்ளது.

கள்ளும் சாராயமும் ஒன்றல்ல. சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது, கள் வடிக்கப்படாதது. கள்ளச்சாராயம் என்னும் சொல்லில் உள்ளது 'கள்ளம்' என்பதே, கள் அன்று.

உடன் உண்ணும் உணவுகள்

காலையில் இறக்கிய கள் இனிப்பு மிகுந்தது. நேரம் செல்லச் செல்லப் புளிப்பு ஏறும். இச்சுவைகளுக்கு ஈடாக உப்பும் காரமும் மிகுந்த உணவுகள் உண்ணப்படுகின்றன.

- மீன் வறுவல், காரமான மீன் குழம்பு
- நெத்திலி முதலிய கருவாட்டு வறுவல்
- நண்டு, இறால்
- ஆட்டு ஈரல், குடல் வறுவல்
- அவித்த வேர்க்கடலை, சுண்டல், அவித்த முட்டை
- உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்

கள் சமையலிலும் பயன்படுகிறது. ஆப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள் சேர்ப்பது தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் வழக்கமாக இருந்தது. பின்னர் ஈசுட்டும் சமையல் சோடாவும் பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தன.

வரலாறு

சங்க இலக்கியங்கள் கள்ளையும் தேறலையும் பல இடங்களில் குறிப்பிடுகின்றன. புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கொண்டுவந்த மது பேசப்படுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிகள் கிடைத்தன. மறுபுறம், திருக்குறள் 'கள்ளுண்ணாமை' என்னும் தனி அதிகாரத்தில் கள்ளைக் கடிந்துரைக்கிறது.

சட்ட நிலை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் அங்குச் செல்லவில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. புதுச்சேரியில் 1970ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ்க் கள்ளுக்கடைகள் ஏலம் விடப்படுகின்றன.

கருத்து வேறுபாடுகள்

தடையை நீக்கக் கோருவோர், கள் உணவின் ஒரு பகுதி என்றும், அயல்நாட்டு வகை மதுவை அரசே விற்கும்போது கள்ளை மட்டும் தடுப்பது மரமேறுவோரின் வாழ்வாதாரத்தைப் பறிப்பதாகும் என்றும் வாதிடுகின்றனர். தமிழ்நாடு கள் இயக்கம் இக்கோரிக்கையை முன்வைத்துப் போராடி வருகிறது. எதிர்ப்போர், கூலித் தொழிலாளரின் வருமானம் குடியில் கரைவதையும் கலப்படத்தையும் சுட்டுகின்றனர். தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் கள்ளில் குளோரல் ஐதரேட்டு, டயசிப்பாம் போன்ற மயக்க மருந்துகள் கலக்கப்பட்டது பதிவாகியுள்ளது.

பனையேறுதல் உயிராபத்து மிக்க தொழிலாகும். உயர்ந்த மரத்தில் நாள்தோறும் இருமுறை ஏற வேண்டியிருப்பதால் இத்தொழிலுக்கு வரும் இளைஞர் குறைந்து வருகின்றனர். சட்டம் இசைந்த இடத்திலும், மரமேற ஆள் இல்லையெனில் கள் இல்லை.

இவற்றையும் பார்க்க

- பதநீர்
- பனை
- அரிக்கமேடு
- மதுவிலக்கு