ஒரே விடை எனும் விதி: நாளிதழ்க் குறுக்கெழுத்துப் புதிரின் வரலாற்றில் விளக்கத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நாளிதழ்க் குறுக்கெழுத்துப் புதிர் பொதுவாகப் பொழுதுபோக்கு என்னும் அளவிலேயே நோக்கப்படுகிறது. ஒரு குறிப்புக்கு இந்த விடை ஏன் பொருந்துகிறது, வேறொன்று ஏன் பொருந்தாது என்னும் வினாவே அதன் வரலாற்றை நடத்திச் சென்றது என இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வினாவை அமெரிக்கப் புதிர் கட்டங்களின் பின்னலாலும், ஆங்கிலேயப் புதிர் சொல்லாடலாலும், இந்தியச் சட்டம் திறன், தற்செயல் என்னும் பாகுபாட்டாலும் எதிர்கொண்டன. தமிழ்ப் புதிர் அதனைத் தமிழ் எழுத்தின் இயல்பைக் கொண்டு எதிர்கொண்டது. தமிழ்ப் புதிர்களின் நான்கு திசை அமைப்பு அந்த இயல்பிலிருந்தே விளக்கம் பெறுகிறது.

திறவுச்சொற்கள்: குறுக்கெழுத்து, குறிப்பு, சித்திரகவி, மொழிமுதல் எழுத்து, பரிசுப் போட்டிச் சட்டம்

முன்னுரை

நாளிதழ்ப் புதிர் மூன்று செயல்களை உள்ளடக்கியது: அமைத்தல், விடுத்தல், விளக்குதல். முதலிரண்டுக்கும் இதழில் இடமுண்டு. இன்று புதிர் வெளியாகிறது. அடுத்த இதழில் விடை வெளியாகிறது. விளக்கத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. விடையைக் கண்ட பின்னும் அது எவ்வாறு விடையாயிற்று என்பதை வாசகர் தாமே உய்த்துணர வேண்டியுள்ளது. விளக்க இயலாத விடை வெறும் ஊகம். ஊகத்துக்குப் பரிசு வழங்கப்படுமாயின் அது சூதாட்டத்தை ஒக்கும். ஆகவே விளக்கம் என்பது புதிரின் இணைப்பன்று; புதிரைப் புதிராக்கும் அடிப்படை. இக்கருத்தை வரலாற்று நிலையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் அமெரிக்க மரபும்

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் இதழியலாளராகப் பணியாற்றிய ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 ஞாயிறன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழின் 'ஃபன்' இணைப்பில் வைர வடிவப் புதிர் ஒன்றை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வேர்ட்-கிராஸ்' என்பதாகும். சில வாரங்களில் நேர்ந்த அச்சுக்கோப்புப் பிழையால் சொற்கள் இடம் மாறி 'கிராஸ்-வேர்ட்' என்றாயின, அப்பெயரே நிலைத்தது. 1924இல் சைமன் அண்ட் சூஸ்டர் பதிப்பகம் வெளியிட்ட குறுக்கெழுத்து நூல் இப்புதிரை நாடெங்கும் பரப்பியது. அதன் தொகுப்பாசிரியருள் ஒருவரான மார்கரெட் பெதர்பிரிட்ஜ், பின்னர் மார்கரெட் ஃபாரர் என அறியப்பட்டு, 1942இல் 'நியூயார்க் டைம்ஸ்' புதிர்ப் பகுதியின் முதல் ஆசிரியரானார்.

தொடக்கக் காலக் குறிப்புகள் அகராதிப் பொருளைத் தருவன. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உண்டாதலின் பொருளை மட்டும் கூறும் குறிப்பு ஒரே விடையை உறுதிசெய்யாது. இக்குறையை அமெரிக்க மரபு கட்டங்களின் அமைப்பால் நிறைவு செய்தது. விடைச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் குறுக்குச் சொல், நெடுக்குச் சொல் ஆகிய இரண்டிலும் இடம்பெறவேண்டும் என்பது அம்மரபில் விதியாயிற்று. ஒரு சொல்லில் எழும் ஐயத்தை அதனைக் குறுக்கிடும் சொற்கள் தீர்க்கும்.

ஆங்கிலேய மரபும் நேர்மை விதியும்

இங்கிலாந்தில் 'சண்டே எக்ஸ்பிரஸ்' 1924இலும், 'டெய்லி டெலிகிராப்' 1925இலும், 'தி டைம்ஸ்' 1930இலும் புதிரை வெளியிடத் தொடங்கின. ஆங்கிலேயப் புதிரில் கறுப்புக் கட்டங்கள் மிகுதி. விடையின் எழுத்துகளுள் ஏறத்தாழப் பாதி வேறெந்தச் சொல்லாலும் குறுக்கிடப்படுவதில்லை. கட்டங்களின் சான்று குறைந்த இடத்தில் குறிப்பே தன் விடைக்குச் சான்று கூறவேண்டியதாயிற்று.

'டோர்கெமடா' என்னும் புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் 1926 முதல் 1939இல் தாம் மறையும்வரை 'அப்சர்வர்' இதழில் அமைத்த புதிர்கள் முழுவதும் மறைபொருட் குறிப்புகளால் ஆனவை. ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணைத் தலைவரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டமை, விடுப்போரை வதைப்பதே புதிராசிரியரின் தொழில் என்ற நகையுணர்வைக் காட்டும். அவரையடுத்து 1939 முதல் 1971 வரை அவ்விதழில் புதிர் அமைத்த டெரிக் சாமர்செட் மக்நட், 'சிமெனிஸ்' என மற்றொரு விசாரணையாளர் பெயரையே சூடிக்கொண்டார். எனினும் வதைக்கும் உரிமைக்கு அவர் எல்லை வகுத்தார். செம்மொழிகள் கற்பித்த பள்ளி ஆசிரியரான அவர், 1966இல் வெளியிட்ட நூலில் குறிப்புக்குரிய இலக்கணத்தை விரித்துரைத்தார். அவருக்கு முன்னரே 'அஃப்ரிட்' என்னும் புனைபெயருடைய ஏ. எஃப். ரிச்சி, 1949இல் வெளியான தம் நூலில் இதன் அடிப்படையைக் கூறியிருந்தார்: புதிராசிரியர் வாசகரை வேறு பொருளுக்கு இட்டுச் செல்லலாம்; ஆனால் அவர் எழுதிய சொற்கள் கூர்ந்து நோக்குவார்க்கு அவர் கருதிய பொருளையே தரவேண்டும்.

இம்மரபின்படி குறிப்பு இரு பகுதிகளை உடையது. ஒன்று விடையின் பொருளைக் கூறும். மற்றொன்று விடையின் எழுத்துகளைச் சொல்லாடலால் கட்டித் தரும். இவ்விரண்டிலும் சேராத சொல் குறிப்பில் இடம்பெறலாகாது. விடை இரு வழிகளால் நிறுவப்படுதலின், விடுப்போர் மறுநாள் விடையைக் காணுமுன்னரே தம் விடை சரியானது என அறிய முடியும்.

சித்திரகவியும் மறைபொருட் குறிப்பும்

இச்சொல்லாடல் முறைகள் தமிழ்ப் புலமை மரபுக்குப் புதியன அல்ல. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவிகளோடு இவற்றை ஒப்பிடலாம். இங்குச் சுட்டப்படுவது செயல்முறை ஒப்புமையே. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பது இக்கட்டுரையின் துணிபன்று. விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட சில குறிப்புகள் பின்வருமாறு:

'பெருமதிப்பினுள் மறைந்த நிலவு (2)' என்பதன் விடை மதி. பெ-ரு-ம-தி-ப்-பு என்னும் எழுத்து வரிசையின் நடுவே அது உள்ளது. ஒரு பாடலின் எழுத்துகளுள் மற்றொரு பாடல் மறைந்திருக்கும் கரந்துறை பாட்டோடு இது ஒப்புமையுடையது.

'தலையிழந்த நகரம் கையாகும் (3)' என்பதன் விடை கரம். எழுத்துகளை நீக்க நீக்க வெவ்வேறு பொருள் தரும் அக்கரச்சுதகம் இதனை ஒத்தது.

'பாம்பு ஒரு மாத்திரை குறைய விரல்நுனியில் நிற்கும் (3)' என்பதன் விடை நகம். நாகம் என்பதன் முதலெழுத்து குறிலாயிற்று. இது மாத்திரைச் சுருக்கம்.

'கொடு என்றபின் மான் வர மலரும் (3)' என்பதன் விடை தாமரை. 'தா', 'மரை' என்னும் இரு விடைகள் கூடி மூன்றாவது விடையாகின்றன. பல வினாக்களின் விடைகளைச் சேர்த்து இறுதி வினாவுக்கு விடை காணும் வினாவுத்தரத்தின் அமைப்பு இதுவே.

இறுதிக் குறிப்பு நேர்மை விதிக்கும் தக்க சான்றாகும். ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் 'ஈ' இழிந்தோன் கூற்று, 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியம் பாகுபடுத்துகிறது. இற்றை வழக்கில் 'கொடு' என்பது 'தா' என்பதற்கு ஈடாகும். இலக்கண வழக்கில் ஆகாது. இக்குறிப்பு நேர்மையானதா என்னும் வினா, எந்தக் காலத்துத் தமிழைப் புதிராசிரியர் அளவுகோலாகக் கொள்கிறார் என்னும் வினாவாக விரிகிறது. 'ஒப்போன் இரந்தபின் மான் வர மலரும்' எனத் திருத்தினால் குறிப்பு இரு வழக்கினர்க்கும் பொருந்தும். விளக்க முற்படும்போதுதான் இவ்வேறுபாடு புலனாகிறது.

சித்திரகவிக்கும் நாளிதழ்ப் புதிருக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சித்திரகவி உரையோடு வழங்கிவந்தது. பாடலின் சிக்கலை உரையாசிரியர் பிரித்துக் காட்டினார். நாளிதழ்ப் புதிர் உரையில்லாத செய்யுளாகவே அச்சேறுகிறது.

இந்தியச் சட்டத்தின் முன் குறுக்கெழுத்து

விளக்கம் இல்லாத விடையின் விளைவை இந்தியாவில் நடைபெற்ற பரிசுப் போட்டிகள் காட்டின. 'வெற்றிக்குத் தேவையானது (4)' என ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். முயற்சி, பயிற்சி ஆகிய இரண்டும் பொருந்தும். இரண்டன் இறுதி எழுத்துகளும் 'ற்', 'சி' என ஒன்றாயிருத்தலின், அவ்விடங்களில் குறுக்கிடும் சொற்களும் ஐயத்தைத் தீர்க்கமாட்டா. நடத்துவோர் முன்னரே எழுதி வைத்த விடையோடு ஒத்திருப்பதே சரியான விடை எனப்படுமாயின், கட்டணம் செலுத்திப் பங்குபெறுவோர் மொழியறிவைக் கொண்டு வெல்ல இயலாது.

1948ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம், நடத்துவோரால் முன்கூட்டியே விடை அமைக்கப்படும் போட்டிகளைத் தன் வரையறைக்குள் கொணர்ந்தது. 1955இல் நாடாளுமன்றம் இயற்றிய பரிசுப் போட்டிச் சட்டம் குறுக்கெழுத்துப் போட்டியை வரையறையிலேயே பெயர் சுட்டி, மாதம் ஒன்றுக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடைசெய்தது. சமர்பாக்வாலா வழக்குகளில் 1957இல் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றம், சூதாட்டத் தன்மையுடைய போட்டிகளை வணிகம் எனக் கொள்ள மறுத்தது. வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திருக்கும் போட்டிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது எனவும் பொருள் கண்டது. புதிராசிரியர்கள் 'நேர்மை' என்றதையே சட்டம் 'திறன்' என்றது எனலாம். விடுப்போர் தம் விடையைக் குறிப்பிலிருந்து நிறுவ இயலுமா என்பதே இரண்டிலும் உரைகல்.

தமிழ் எழுத்தும் நான்கு திசைகளும்

சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் மறைபொருட் குறிப்புப் புதிரை நீண்டகாலமாக வெளியிட்டு வருகிறது. தமிழ் இதழ்ப் புதிர்களோ பெரும்பாலும் நேர்பொருட் குறிப்புகளையே கொண்டுள்ளன. இதனைத் தமிழ்ப் புதிரின் குறையாகக் காண்பது எளிது. ஆயின் எழுத்தமைப்பை நோக்கினால் வேறொரு காரணம் புலப்படும்.

ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டம் 26 எழுத்துகளுள் ஒன்றைக் கொள்ளும். தமிழ்ப் புதிரின் கட்டம் 247 எழுத்துகளுள் ஒன்றைக் கொள்ளும். குறுக்கிடும் உயிர்மெய் ஒன்று மெய்யையும் உயிரையும் ஒருசேரத் தெரிவிக்கிறது. 'நிலவு (2)' என்னும் குறிப்புக்கு நிலா, மதி, பிறை ஆகிய மூன்றும் பொருந்தலாம். இரண்டாம் கட்டத்தில் 'தி' விழுந்தவுடன் மதி ஒன்றே எஞ்சும். ஆகவே தமிழில் குறுக்கிடும் எழுத்தின் சான்று வலியது. சொல்லாடலின் துணையின்றியும் ஒரே விடையைப் பல இடங்களில் உறுதிசெய்யவல்லது.

இவ்வலிமைக்கு ஈடாக அமைப்போர் செலுத்தும் விலை பெரிது. நன்னூல் வழி நோக்கின், மெய் பதினெட்டும், ஆய்தமும், ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளின் 96 உயிர்மெய்களும் மொழிமுதலில் வாரா. 247 எழுத்துகளுள் 115 எழுத்துகள் இவ்வாறு நீங்குகின்றன. ரயில், லாபம், டாக்டர் முதலிய கடன்சொற்கள் இவ்வரம்பை இன்று ஓரளவு தளர்த்தியுள்ளன. மறுபுறம், உயிரெழுத்து அளபெடை நீங்கலாகச் சொல்லின் முதலிலன்றி வருவதில்லை. உயிர் தொடக்கத்தில் மட்டும் நிற்கும். மெய் தொடக்கத்தில் நில்லாது. க், ச், த், ப் ஆகிய மெய்கள் தம்மொடு தாமன்றிப் பிறவற்றோடு மயங்கா. சொல்லின் இறுதியிலும் நில்லா.

இதன் விளைவைக் 'கப்பல்' என்னும் சொல்லை முதல் வரிசையில் இட்டுக் காணலாம். மேலிருந்து கீழாக மட்டுமே படிக்கும் அமைப்பில் க, ப ஆகிய கட்டங்களிலிருந்து நெடுக்குச் சொற்கள் தொடங்கலாம். 'ப்', 'ல்' ஆகியவற்றிலிருந்து எச்சொல்லும் தொடங்காது. கீழிருந்து மேலாகவும் படிக்கலாம் எனில், 'ல்' கட்டம் உயிர்பெறும். 'கடல்' கீழிருந்து ஏறி அங்கு முடியலாம். 'ப்' அப்போதும் குறுக்கீடின்றியே நிற்கும். அவ்வாறே, உயிரில் தொடங்கும் சொல் வலப்புற அல்லது கீழ் விளிம்பிலிருந்து புறப்படலாம்.

தமிழ்ப் புதிர்களில் பரவலாகக் காணப்படும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்னும் நான்கு தலைப்புகளும் இந்நோக்கில் தெளிவுபெறுகின்றன. இவை அமைப்போரின் இயலாமையைக் காட்டுவன என்னும் கருத்து பொருந்தாது. 26 எழுத்துகளும் மொழிமுதலாகும் மொழியில் உருவான கட்டங்களை, எழுத்துகளின் வருகையிடத்தை இலக்கணம் வரையறுக்கும் மொழிக்கு ஏற்ப மாற்றிய தகவமைப்பே அது. திசை தலைப்பிலேயே அறிவிக்கப்படுதலின் நேர்மை விதியும் மீறப்படுவதில்லை.

முடிவுரை

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு, ஒரே விடையை உறுதிசெய்யும் வழிகளின் வரலாறாக அமைந்துள்ளது. அமெரிக்கா கட்டங்களை நெருக்கிப் பின்னியது. இங்கிலாந்து குறிப்புக்கு இலக்கணம் வகுத்தது. இந்தியச் சட்டம் நிறுவத்தக்க விடையையும் ஊகத்தையும் வேறுபடுத்தியது. தமிழ்ப் புதிர் எழுத்தின் வலிமையைப் பயன்கொண்டு, அதன் வரம்புகளைத் திசைகளால் ஈடுசெய்தது.

இதழ்களை ஆவணப்படுத்துவோர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. புதிர் ஓரிதழிலும் விடை அடுத்த இதழிலும் அமைவதால் ஓரிதழ் விடுபட்டாலும் இரண்டும் பயனிழக்கும். எச்சொல்லுக்கு எப்பொருளை வாசகர் அறிந்திருப்பர் என இதழாசிரியர் எதிர்பார்த்தனர் என்பதற்குப் புதிர்கள் நாள்தோறும் பதிவான சான்றுகள். அவற்றை விடையோடு இணைத்துத் தொகுத்து, சித்திரகவிக்கு உரை அமைந்ததுபோல் விளக்கமும் சேர்த்தால், 20ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொற்பொருள் ஆய்வுக்குப் புதிய தரவுத் தொகுதி ஒன்று கிடைக்கும்.