மக்ஸன் முதல் மேகசின் வரை

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் வழியில் அமைந்த ஊர் ஜீயபுரம். நெல்லும் வாழையும் செழிக்கும் அவ்வூரில் நண்பர் ஒருவரின் இல்லத் திண்ணையில் ஒருநாள் அமர்ந்திருந்தோம். பள்ளியில் பயிலும் அவர்தம் மகன் செய்தித்தாளுடன் வந்து வினவினான்: "ஹஜ்ரத்! துப்பாக்கியோடு மேகசினையும் போலீசார் கைப்பற்றினார்கள் என்று போட்டிருக்கிறது. அக்கா மாதாமாதம் வாங்கிப் படிப்பதும் மேகசின்தானே? அதை எதற்குப் பிடித்தார்கள்?"

அங்கிருந்தோர் நகைத்தனர். நமக்கோ அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதாகத் தோன்றவில்லை. தோட்டாப் பெட்டிக்கும் திங்களிதழுக்கும் ஒரே பெயர் வந்தது எங்ஙனம்? விடை, நம் மத்ரஸாக்களில் முதலாண்டு மாணவர் ஓதும் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது.

அரபியில் 'கஸன' என்னும் வினைக்குச் 'சேமித்து வைத்தான்' என்பது பொருள். ஒரு வினையின் முன்னே 'மீம்' சேர்ந்து வரும் ஒரு வகைப் பெயர், அவ்வினை நிகழும் இடத்தைக் குறிக்கும். எழுதும் இடம் மக்தப். பாடம் ஓதும் இடம் மத்ரஸா. ஸுஜூது செய்யும் இடம் மஸ்ஜித். அவ்வாறே, சேமித்து வைக்கும் இடம் மக்ஸன். அதன் பன்மை மகாஸின்.

மத்தியதரைக் கடல் வாணிபத்தில் அரபு வணிகரும் இத்தாலிய வணிகரும் நெருங்கிப் பழகிய காலத்தில், சரக்குகளோடு இச்சொல்லும் கரை மாறிற்று. இத்தாலியர் 'மகஸ்ஸீனோ' என்றனர். ஸ்பானியர் 'அல்' என்னும் முன்னொட்டையும் விடாது 'அல்மசேன்' என்றனர். பிரெஞ்சு மொழியில் 'மகசான்' என்றாகி, இன்று கடையைக் குறிக்கிறது. மொராக்கோ நாட்டிலோ 'மக்ஸன்' என்பது அரசாட்சிக்கே பெயராயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது இதன் பொருள் பண்டகசாலை என்பதே.

பண்டகசாலையில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் கிளைத்தது. படைக்கலங்களையும் வெடிமருந்தையும் வைத்த கிடங்கு மேகசின் எனப்பட்டது. பின்னர், தோட்டாக்களை அடுக்கிச் சுருள்வில்லின் விசையால் ஒவ்வொன்றாக மேலே தள்ளும் துப்பாக்கிப் பெட்டியும் அப்பெயரைப் பெற்றது. அதுவும் ஒரு சிறு கிடங்குதானே!

இந்தக் கிடங்கின் கொடுமையை நம் திருச்சியும் கண்டிருக்கிறது. 1751, 1752 ஆம் ஆண்டுகளில் நவாப் முஹம்மது அலி வாலாஜா கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாஹிப் வெளியே முற்றுகையிட்டிருந்தார். ஒருவர் பின்னே ஆங்கிலக் கம்பெனி; மற்றவர் பின்னே பிரெஞ்சுக் கம்பெனி. இருவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்! 1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். போர்க்காலத்தில் படைக்கலக் கொட்டிலாகிவிட்ட மலைக்கோட்டையில், 1772இல் வெடிமருந்து வெடித்து, தாயுமானவர் கோயில் மண்டபம் ஒன்று சிதைந்தது. வென்ற நவாபின் வழியினருக்கேனும் ஆட்சி நிலைத்ததா? 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இதே சொல் இலண்டன் மாநகரில் வேறொரு வழியில் நடந்தது. 1731இல் எட்வர்ட் கேவ் என்னும் அச்சகத்தார், பல தாள்களில் சிதறிக் கிடந்த செய்திகளையும் கட்டுரைகளையும் மாதந்தோறும் ஓரிடத்தில் திரட்டி வெளியிட்டு, அதற்கு 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று பெயரிட்டார். கனவான்களின் அறிவுப் பண்டகசாலை என்பது கருத்து. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இப்புதுப் பொருளையும் அதில் குறித்து, கேவின் இதழிலிருந்து வந்தது என்றும் எழுதினார். அதன்பின் வந்த எத்தனையோ இதழ்கள் அப்பெயரைத் தாங்கின.

தமிழும் இவ்வழியே சிந்தித்திருப்பது வியப்பளிக்கிறது. களஞ்சியம் என்பது நெல் சேர்த்து வைக்கும் இடம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பெருநூலின் பெயர் 'கலைக்களஞ்சியம்'. அரபியிடம் கடன் வாங்காமலே, நெல்லுக்குரிய சொல்லை அறிவுக்கு ஆக்கினர் நம் தமிழறிஞர்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சொற்களையெல்லாம் அரபியே ஈன்றது என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். 'அல்' என்று தொடங்கினால் போதும், அது நம்முடையது என்பர். வீட்டிலுள்ள அலமாரியை எடுத்துக்கொள்வோம். அது அரபியன்று, போர்ச்சுகீசியர் கொணர்ந்த சொல். அதன் வேர் இலத்தீனில் ஆயுதத்தையும் கருவியையும் குறிப்பது. ஆயுதப் பெட்டியாக இருந்தது இன்று நூல்களையும் துணிகளையும் தாங்கி நிற்கிறது. நமதல்லாததை நமதென்பது பெருமையாகாது. நமதாக இருந்ததை வைத்து நாம் என் செய்தோம் என்பதே கேள்வி.

நமக்கு அரபியிலிருந்து வேறு வழியாக வந்த உறவுச்சொல் ஒன்றும் உண்டு: கஜானா. இதுவும் 'கஸன'வின் வழித்தோன்றலே. திருமறையில் நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டுக் களஞ்சியங்களின் பொறுப்பைத் தமக்குத் தருமாறு மன்னரிடம் வேண்டிய வரலாறு வருகிறது. அங்கே களஞ்சியங்களைக் குறிக்கும் 'கஸாயின்' என்னும் சொல்லும் இவ்வேரினதே. அப்பொறுப்புக்கு அவர்கள் எடுத்துக்காட்டிய தகுதிகள் இரண்டு: பேணிக் காக்கும் தன்மை, அறிவு. குலத்தையோ வலிமையையோ அவர்கள் கூறினார்களல்லர். பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியம், தம்மைக் கிணற்றில் எறிந்த சகோதரர்களுக்கும் திறந்தது.

1882இல் இலங்கையில் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியதும், பின்னாளில் தமிழகத்தில் பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' நடத்தியதும் கல்விப் பஞ்சத்திற்குக் களஞ்சியம் திறந்த பணியே. ஆனால் இதழ் என்னும் கிடங்கில் வெடிமருந்தையும் வைக்கலாம். சரிபார்க்காத செய்தி, சகோதரனைப் பழிக்கும் சொல், அயலாரைப் புண்படுத்தும் ஏளனம் ஆகியவை மலைக்கோட்டையில் வைத்த மருந்தைப் போன்றவை. எவர் கொளுத்தினாலும் சிதைவது நம் ஊர்தான்.

ஜீயபுரத்துப் பிள்ளைக்கு நாம் சொன்ன விடை இதுவே: "தம்பி, இரண்டும் கிடங்குதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கு." அவன் உள்ளே ஓடி, அக்காவின் இதழை எடுத்து வந்து, அங்கேயே அமர்ந்து புரட்டத் தொடங்கினான். அவன் கையில் நெல்லை வைக்கிறோமா, மருந்தை வைக்கிறோமா என்பதை எழுதுவோரும் வாங்குவோரும் எண்ணிப் பார்ப்போமாக. காப்பவர்களாகவும் அறிந்தவர்களாகவும் நம்மை ஆக்க அல்லாஹ் அருள்வானாக!