துலாக்கொடி முதல் நீர்க்குழாய் வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தமிழரசர்களையும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மேனாட்டாரின் ஆட்சிகளையும் நிரல்பட எழுதியுள்ளனர். கிணற்றிலிருந்து குடியானவன் எவ்வாறு நீரெடுத்தான் என்பதை எழுதியோர் சிலரே. ஆயினும் ஆறில்லாத இந்நிலத்தில் உணவும் செல்வமும் கல்வியும் கிணற்றுநீரை நம்பியே வளர்ந்தன. இன்று வீட்டு முற்றத்திலே மோட்டார் வண்டி கழுவுவதற்கு நீர்க்குழாய் ஒன்றும், அதைச் சுற்றிவைக்கும் உருளை ஒன்றும் வாங்கக் கடைக்குச் செல்லும் ஒருவர், தாம் அறியாமலே அந்நெடுங்கதையின் அண்மை அத்தியாயத்தில் நிற்கின்றார். நீடித்துழைக்கும் குழாய் எது என்னும் சிறு வினாவுக்கும் அக்கதை ஓரளவு விடை தரும்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடுவது. வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்யும் மழை, கல்லின் வெடிப்புக்களினூடே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின் இது இயல்கின்றது. மேலுள்ள நன்னீரை அளவுமீறி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். இவ்வுண்மையை ஏட்டிற் படியாத முன்னோரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட கருவியும் அந்த எல்லையை மீற இடங்கொடுக்கவில்லை.

அக்கருவியே துலா. ஆடுகாலின்மேல் பொருத்திய நீண்ட மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பர். துலாக்கொடியிற் கட்டிய பனையோலைப் பட்டை கிணற்றினுள் இறங்கி, நிறைந்து, மேலேறும். கிணற்று வாயிலில் நிற்பவர் அதனைப் பிடித்து வாய்க்காலிற் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று, புகையிலைக்கோ வெங்காயத்துக்கோ பாத்திக்குப் பாத்தி நீரை மாறிவிடுவார். 1859 இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட சேர் எமேர்சன் தெனன்ற், யாழ்ப்பாணத்தவரின் கிணற்றுப் பாசனத்தையும் அயராத உழைப்பையும் அதிலே விதந்து எழுதியுள்ளார். துலா மிதித்தவனுக்கு ஒவ்வொரு பட்டை நீரும் தன் கால்களின் உழைப்பு. ஆகவே நீரின் விலையை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வளையும் குழாயின் கதை வேறு திசையிலிருந்து வருகின்றது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் ஆட்சி செலுத்திய அதே காலத்தில், 1670களில், அவர்களின் தாய்நாட்டு நகரமாகிய அம்ஸ்ரடாமிலே யான் வன் டெர் ஹெய்டன் என்னும் ஓவியர் தீயணைப்பதற்குத் தோற்குழாயைப் பயன்படுத்தினார். தோல் கசிந்தது, உலர்ந்தால் வெடித்தது. 1839 இல் அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கச் செய்யும் முறையைக் கண்டார். 1876 இல் ஹென்றி விக்ஹாம் அமேசன் காட்டிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன; அந்த நாற்றுக்கள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1926 இல் வால்டோ சீமன் பீ.வீ.சீ. என்னும் செயற்கைப் பொருளை வளையுந் தன்மையுடையதாக்கினார். இன்று நம் கடைகளிலே தொங்கும் குழாய்களுட் பெரும்பாலானவை அப்பொருளாற் செய்யப்பட்டவையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டுத் தோட்டங்களிற் பரவலாயின. நிலமட்டத்தில் வைத்த இயந்திரம் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்திலிருந்தும், நடைமுறையில் 7 அல்லது 8 மீற்றரிலிருந்துமே நீரை உறிஞ்ச வல்லது. நம் கிணறுகள் பல ஆழங் குறைந்தவையாதலின் அவ்வியந்திரம் இங்கு எளிதில் வேரூன்றியது. மூவர் செய்த வேலையை ஒருவர் செய்தார்; அது பெரிய நன்மை. ஆனால் நீரின் விலையை உணர்த்திய கால்கள் துலாவை விட்டிறங்கின.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அப்போது சிறுவனாயிருந்த இக்கட்டுரையாளன் கண்ட காட்சிகள் இரண்டு. அயல் வளவிலே நீரிறைக்கும் இயந்திரம் சாக்கினால் மூடப்பட்டுக் கிடக்க, கைவிடப்பட்ட துலா மீண்டும் பூட்டப்பட்டது. வயது முதிர்ந்தவரே அதில் ஏறி இளைஞருக்கு நடை பழக்கினார். தெருவிலோ ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகள் சில துளி பெற்றோலால் இயக்கப்பட்டு, மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடின. அவற்றைக் கழுவ இரண்டு வாளி நீரும் பழைய சாரத்துண்டு ஒன்றும் போதியனவாயிருந்தன. வீட்டில் எஞ்சியிருந்த குழாயை, வெடித்த இடங்களை வெட்டியெறிந்து, சைக்கிள் ரியூப் துண்டுகளாற் கட்டிக் கட்டிப் பல்லாண்டு பயன்படுத்தினோம். அக்குழாய் வெடித்த இடங்கள் மூன்றே: வாய் பொருத்திய முனை, மடிந்து கிடந்த மூலை, வெயில் பட்ட பகுதி.

குழாய் வாங்குவோர் நோக்கவேண்டியவையும் இம்மூன்றே. முதலாவது, பொருத்து வாய் பித்தளையாய் இருத்தல் நன்று. பிளாத்திக்கு வெயிலில் நொறுங்கும். இரும்பு நம் உப்புக்காற்றில் துருவேறும். இரண்டாவது, இரு படைகளுக்கிடையே நூல்வலை வைத்து உறுதிசெய்த குழாய் எளிதில் மடியாது. உருளையின் நடுத்தண்டு ஒடுங்கியதாயின் குழாய் நெரிபட்டுத் தட்டையாகும். ஆதலின் அகன்ற தண்டுடைய உருளையைத் தெரிக. மூன்றாவது, உருளையை நிழற்சுவரிற் பொருத்தி, வேலை முடிந்ததும் நீரை வடித்துச் சுற்றிவைத்தல் வேண்டும்.

வேறொன்றும் உண்டு. நம் வீடுகளில் நீர் பெரும்பாலும் மேற்றொட்டியிலிருந்து வருகின்றது. தொட்டி 5 மீற்றர் உயரத்தில் நின்றால் அழுத்தம் வளியமுக்கத்தின் பாதியளவே. ஆகவே பேரழுத்தந் தாங்கும் என்னும் விளம்பரத்துக்கு மிகைப் பணங் கொடுத்தல் வீண். குறைந்த அழுத்தத்திற் பயன்தருவது குழாயின் அகலம். அரை அங்குலக் குழாயினும் முக்கால் அங்குலக் குழாய், ஒரே நீளத்தில், இரண்டரை மடங்குக்குக் குறையாத நீரைப் பாய்ச்சும். குழாயின் முனையில், கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வாயும் இருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 12 இலீற்றர் பாயும் குழாயை 15 நிமிடம் திறந்துவிட்டால் 180 இலீற்றர் செலவாகும். அதே வேலையை 10 இலீற்றர் வாளிகள் ஐந்து முடித்துவிடும்.

கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் மழையை ஏற்பதுபோலவே சவர்க்காரத்தையும் எண்ணெயையும் ஏற்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014 ஆம் ஆண்டளவிற் பெருங் கவலையாயிற்று. அவ்வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்புப் பெற்றது. அது பெரிய நிலையத்தின் கதை; எனினும் முற்றங்கள் பலவும் சேர்ந்தால் அவையும் சிறியன அல்ல. ஆதலால் வண்டியைக் கிணற்றடியிலே கழுவாது, தொலைவிற் கழுவுதல் கடன். நம் வன்னீர் உலர்ந்தால் வெண்புள்ளி படியும். காலையிலோ மாலையிலோ கழுவி, உலருமுன் துணியால் துடைத்தல் வேண்டும். கிணறு உவராயின் அந்நீரை வண்டியின் அடிப்பாகத்துக்கு அடித்தல் துருவை அழைப்பதாகும்.

துலாவுக்குத் திரும்புமாறு எவரையும் இக்கட்டுரை வேண்டவில்லை. துலாவின்மேல் நடந்தவரின் நோவை அறிந்தவர் அவ்வாறு வேண்டவும் மாட்டார். நல்ல குழாயை வாங்குவோம். பத்தாண்டு உழைக்குமாறு பேணுவோம். ஆனால் துலா மிதித்த முன்னோர் காலால் அறிந்த அளவை நாம் அறிவால் அறிந்து, வேண்டும்போது மட்டும் குழாயைத் திறப்போமாக. நாளை இக்கல்லூரியிற் பயிலப் போகும் மாணவர் குடிக்கும் நீரும் அதே கிணறுகளிலேதான் இருக்கின்றது.