நீர் கடந்து வந்த பாட்டு: மூதாதையர் ஊருக்குத் திரும்புதலும் வரவேற்பின் மொழியும்

1. முன்னுரை

தமிழில் விருந்து என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியர் இச்சொல்லைப் புதியதாகப் புனையப்படும் யாப்பிற்கும் ஆள்கிறார். முன்பின் அறியாது புதியராய் வந்தவரே விருந்தினர், உறவுடையோர் சுற்றத்தார். திருக்குறள் விருந்தோம்பலை (அதி. 9) அறத்துப்பாலிலும் சுற்றந்தழாலைப் (அதி. 53) பொருட்பாலிலும் வைத்துப் பேசுவது இவை வேறுவேறு கடமைகள் என்பதைப் புலப்படுத்தும். வழக்கு மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. வாயிலில் நிற்கும் விருந்தினரை 'வாருங்கள்' என்கிறோம். பிறந்தகம் வந்த மகளை 'வந்தாயா' என்கிறோம். முன்னது அழைப்பு, பின்னது வினா வடிவில் அமைந்த வரவேற்பு. வரவேண்டியவள் வந்தாள் என்னும் குறிப்பு அவ்வினாவினுள் அடங்கியுள்ளது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன ஒருவரின் வழித்தோன்றல் மூதாதையர் ஊருக்கு வந்து நின்றால் அவரை விருந்தினர் என்பதா, சுற்றத்தார் என்பதா? அவர் புதியவர்; ஆயினும் உரியவர். இச்சிக்கலைத் தீர்ப்பதில் மொழிக்கு உள்ள பங்கினை அமெரிக்காவின் குல்லா மக்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய சியரா லியோனுக்குச் சென்று வந்த வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மொழியியலாளர் ஒருவர் பதிவு செய்த ஒரு சிறு பாட்டே இவ்வரலாற்றின் மையம் ஆதலின், நம் துறையினர் இதனைக் கூர்ந்து நோக்குதல் தகும்.

2. குல்லா மொழியும் டர்னரின் களப்பணியும்

தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடற்கரையிலும் அதனை ஒட்டிய தீவுகளிலும் வாழும் கறுப்பின மக்கள் பேசும் கிரியோல் மொழி குல்லா எனப்படும். அப்பகுதியின் நெல் வயல்களில் உழைப்பதற்காக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். சியரா லியோன் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள பன்ஸ் தீவில் ஆங்கிலேயர் நடத்திய அடிமை வணிகக் கோட்டையிலிருந்து சார்ல்ஸ்டன் துறைமுகத்திற்கு 18ஆம் நூற்றாண்டில் பலர் அனுப்பப்பட்டனர். நெல் விளைவிக்கும் அறிவுடையோர் அக்கரையிலிருந்து வருவர் என்பதைத் தென் கரோலினா நிலவுடைமையாளர் அறிந்திருந்தனர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குல்லாவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனைச் சிதைந்த ஆங்கிலம் என்றே கருதினர். இக்கருத்தை மறுத்தவர் கறுப்பின மொழியியலாளரான லொரென்சோ டௌ டர்னர். 1929இல் தென் கரோலினாவில் கற்பித்தபோது மாணவர் இருவரின் பேச்சில் குல்லாவைக் கேட்ட அவர், 1930களின் தொடக்கத்தில் தீவுகளில் களப்பணி மேற்கொண்டார். பின்னர் இலண்டனில் ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். 1949இல் வெளிவந்த அவரது நூல் ஆப்பிரிக்க மூலமுடைய சொற்கள் ஏறத்தாழ 4,000ஐக் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை ஆட்பெயர்கள்.

இப்பெயர்கள் முந்தைய ஆய்வாளரின் காதில் விழாமற் போனமைக்குக் காரணம் உண்டு. குல்லா மக்களுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பள்ளிக்கும் அயலாருக்கும் உரிய ஆங்கிலப் பெயர். மற்றொன்று வீட்டினுள் மட்டும் வழங்குவது. அவர்கள் அதனைக் கூடைப்பெயர் என்பர். நம் ஊர்களில் வழங்கும் வீட்டுப்பெயரோடு இதனை ஒப்பிடலாம். அயலாராக வந்து குறிப்பெடுத்தவர்க்கு ஆங்கிலப் பெயரே கிடைத்தது. மக்களோடு பழகி அவர்தம் நம்பிக்கையைப் பெற்ற டர்னருக்கே கூடைப்பெயர் கிடைத்தது. எந்த முறையில் வரவேற்கப்படுகிறோமோ அதற்கேற்பவே தரவும் அமையும் என்பது களப்பணியாளர் நினைவிற் கொள்ளத்தக்கது.

3. பாட்டும் அதன் பொருளும்

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி பாடிய சில அடிகளே கொண்ட பாட்டொன்றை டர்னர் பதிவு செய்தார். அதன் மொழி பாடியவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பயின்றுவந்த சியரா லியோன் மாணவர் சாலமன் காக்கர் அதனை மெண்டே மொழி என இனங்கண்டார். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்று பேணிவந்த ஆப்பிரிக்க மொழிப் பனுவல்களுள் மிக நீண்டது இதுவே எனக் கருதப்படுகிறது. மொழிபெயர்ப்புடன் அது டர்னரின் நூலில் இடம்பெற்றது.

ஊராரை ஒன்றுகூட அழைப்பதும் இறந்தவர் அமைதியுற வேண்டுவதும் அப்பாட்டின் பொருள். ஆனால் அமீலியாவின் மகள் மேரி மொரான் தாயிடமிருந்து அதனைக் கற்றது குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டாக. ஒலி ஏறக்குறைய அப்படியே நிலைத்திருக்கப் பொருள் முற்றும் மறைந்து, பயன்பாடும் மாறிவிட்டது. மொழி இழப்பினைச் சொற்றொகையால் மட்டும் அளப்போர்க்கு இது ஓர் எச்சரிக்கை. சொல் இருந்தும் மொழி இல்லாத நிலை ஒன்று உண்டு. அந்நிலையிலும் எஞ்சியது பயனற்றதன்று.

இங்கே நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உள்ளது. பாட்டின் பொருள் 1949 முதல் நூலகங்களில் இருந்தது. பாடிய குடும்பத்தை அது சென்றடையவில்லை. நாற்பது ஆண்டுகள் மேரி மொரான் பொருளறியாமலே பாடிவந்தார். இதற்கிடையில் அம்மக்கள் மற்றோர் இழப்பிற்கும் உள்ளாயினர். 1942இல், போர்க்காலத்தில் விமானத்தளம் அமைக்க வேண்டி ஹாரிஸ் நெக் நிலத்தை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டு மக்களை வெளியேற்றியது. 1962இல் அந்நிலம் வனவிலங்குப் புகலிடம் ஆயிற்று. ஆப்பிரிக்காவில் ஓர் ஊரை இழந்தவர்களின் மரபினர் அமெரிக்காவிலும் ஓர் ஊரை இழந்தனர். பாட்டு மட்டும் கையில் இருந்தது.

4. ஊரைத் தேடியது

1980களின் இறுதியில் மானிடவியலாளர் ஜோசப் ஒபாலா, இனவிசையியலாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் தாசியெஃப் கொரோமா ஆகிய மூவரும் இப்பாட்டின் ஊரைத் தேடினர். பாட்டின் சொல் ஒன்று மெண்டேயின் தெற்குக் கிளைவழக்கைச் சார்ந்தது எனக் கொரோமா கண்டது தேடலின் எல்லையைச் சுருக்கியது. செனெஹுன் ங்கோலா என்னும் சிற்றூரில் பைண்டு ஜபாட்டி என்னும் பெண்மணி அதனையொத்த பாட்டைப் பாடக் கேட்டார் ஷ்மிட். அங்கு அது பெண்கள் நடத்தும் ஈமச் சடங்கிற்கு உரியது. சடங்கின் பெயர் நீரைக் கடத்தல் என்று பொருள்படும். பிரிந்துபோன உறவினர் என்றேனும் திரும்புவர், அவர்களை இப்பாட்டினால் அறியலாம் என்று தம் பாட்டி சொல்லிவைத்ததாகவும் ஜபாட்டி கூறினார். 1990இல் ஜார்ஜியாவில் மேரி மொரான் கண்டறியப்பட்டார். அவர் பாட்டை மறக்கவில்லை.

இதனைக் குருதி உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று வினவுதல் முறையே. கொள்ள இயலாது. ஒரு பாட்டு பல ஊர்களில் வழங்கியிருக்கலாம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பெயர்ந்திருக்கலாம். கிளைவழக்குச் சான்று வட்டாரத்தைக் காட்டுமேயன்றிக் குடும்பத்தைக் காட்டாது. ஆயின் அவ்வூரார் இவ்வினாவை எழுப்பவில்லை. அவர்கள் கொண்ட சான்று வேறு.

5. இருவகைத் திரும்புதல்

1991இல் தொடங்கிய சியரா லியோன் உள்நாட்டுப் போரினால் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 1997இன் தொடக்கத்தில், போர் சற்றுத் தணிந்திருந்த இடைவேளையில், மேரி மொரான் குடும்பத்தாருடன் செனெஹுன் ங்கோலாவுக்குச் சென்றார். அவ்வாண்டு மே மாதத்தில் இராணுவப் புரட்சி நிகழ்ந்து போர் மீண்டும் மூண்டது, 2002இல்தான் முடிந்தது. தானே துன்பத்தில் இருந்த ஊர் வந்தவரை வரவேற்றது என்பதை மறத்தல் ஆகாது.

அவ்வரவேற்பு அமைந்த முறை கருதத்தக்கது. கிறித்துவமும் இசுலாமும் பரவியபின் பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்த அந்த ஈமச் சடங்கை, கண்பார்வை இழந்த முதியவரான ஊர்த்தலைவர் நபி ஜா மேரி மொரானுக்காக மீண்டும் நடத்தச் செய்தார். அடிமைப்பட்டுச் சென்ற பெண்ணொருத்தி இப்பாட்டை ஏன் காத்துவைத்தாள் என்ற வினாவிற்கு, முன்னோருடன் அவளை இணைக்கவல்லது அதுவே என்னும் கருத்தில் அவர் விடை கூறினார். ஒருவர் எம்மொழியில் அழுகிறாரோ அதனால் அவர் யாரென அறியலாம் என்னும் மெண்டே பழமொழியையும் சொன்னார். இவ்வரலாற்றைக் கூறும் 1998ஆம் ஆண்டு ஆவணப்படத்தின் தலைப்பு அப்பழமொழியிலிருந்தே பிறந்தது.

நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்கு அழையாமலே போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. மணப்பந்தலில் விருந்தினர்க்கு இடமுண்டு. நீர்க்கடன் செய்யச் சுற்றத்தாருக்கே உரிமையுண்டு. செனெஹுன் ங்கோலா மக்கள் மேரி மொரானுக்கு இறந்தோருக்காக அழும் உரிமையைத் தந்தனர். அவர் விருந்தினரா, சுற்றத்தாரா என்ற வினாவிற்கு அவர்கள் சடங்கின் வழியே விடை கூறிவிட்டனர் எனலாம்.

இதனோடு 2005ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றை ஒப்பிடலாம். 1756இல் 'ஹேர்' என்னும் கப்பலில் சியரா லியோனிலிருந்து சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஏறத்தாழ பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பால் என்னும் நிலவுடைமைக் குடும்பம் விலைக்கு வாங்கிப் பிரிசில்லா எனப் பெயரிட்டது. கப்பலின் கணக்கும் அக்குடும்பத்தின் பண்ணைக் கணக்கும் எஞ்சியமையால் அவளுடைய மரபு இன்றுவரை அறுபடாமல் அறியப்படுகிறது. வழித்தோன்றலான தாமலிண்ட் மார்ட்டின் போலைட் 2005இல் சியரா லியோன் சென்றபோது நாடே அவரை வரவேற்றது. ஆயின் அச்சிறுமியின் இயற்பெயரோ, ஊரோ, தாய்மொழியோ எக்கணக்கிலும் இல்லை.

ஆவணம் ஆளைக் காட்டியது, ஊரைக் காட்டவில்லை. பாட்டு ஊரைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை. முன்னதில் வரவேற்றது நாடு; பின்னதில் வரவேற்றது ஊர். அண்மைக் காலத்தில் மரபணுச் சோதனையின் அடிப்படையில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலருக்குச் சியரா லியோன் குடியுரிமையும் வழங்கியுள்ளது. மூன்றும் வேறுவேறு சான்றுகள். வேறுவேறு உறவுகளை உண்டாக்குவன.

6. விளிச்சொல்லின் ஆற்றல்

எல்லாத் திரும்புதலும் இவ்வாறு இனிதே அமைவதில்லை. கானா நாட்டின் கடற்கரைக் கோட்டைகளைக் காணவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரை அந்நாட்டார் சிலர் 'ஒப்ரோனி' என விளிப்பதுண்டு. வெள்ளையரையும் அயல்நாட்டவரையும் குறிக்கும் அக்கான் மொழிச் சொல் அது. சொல்பவருக்கு அது வெறும் அடையாளம். கேட்பவருக்கோ வீட்டு வாயிலில் அயலார் எனப்பட்ட வருத்தம். 'வந்தாயா' என்பதை எதிர்பார்த்து வந்தவர் 'யார் நீங்கள்' என்பதைக் கேட்பது போன்றது இது.

மாறாக, 1988இல் சியரா லியோன் குடியரசுத் தலைவர் ஜோசப் சைது மோமோ தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவிலுள்ள பென் மையத்திற்கு வந்து கிரியோ மொழியில் பேசியபோது குல்லா மக்கள் அதனைப் புரிந்துகொண்டனர். மறு ஆண்டு குல்லாக் குழு ஒன்று சியரா லியோன் சென்றது. மொழிபெயர்ப்பாளர் இன்றி நிகழ்ந்த அந்த உரையாடலே முறையான அழைப்பினும் வலிய அழைப்பாயிற்று.

7. தமிழ்ச் சூழல்

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் முதலாக நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் கப்பற் பதிவேடுகளில் தந்தை பெயரும் ஊரும் வட்டமும் உள்ளன. ஆனால் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டமையால் ஊர்ப்பெயர் அடையாளம் காண இயலாதவாறு திரிந்திருப்பதுண்டு. தமிழறியாத தலைமுறையினர் பக்திப் பாடல்களை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவதும் உண்டு. அவர்களுள் ஒருவர் பதிவேட்டின் படியோடு இங்கு வரும்போது, திரிந்த எழுத்திலிருந்து ஊர்ப்பெயரை மீட்டுத்தருவது ஒலியனியல் அறிந்தவர் எளிதிற் செய்யக்கூடிய உதவி. பொருளறியாது பாடுகிறார் என நகைப்பது அமீலியா டாலியின் பாட்டை இழப்பதற்கு ஒப்பாகும்.

8. முடிவுரை

மூதாதையர் ஊருக்கு வருபவர் கொண்டுவரும் சான்று எவ்வளவு சிறிதாயினும், அதனை ஏற்று உறவுமுறையில் ஓர் இடம் தரும்போதே திரும்புதல் நிறைவுறுகிறது. சான்று வருபவரிடம் உள்ளது. முடிவு வரவேற்பவரிடம் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவர் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவர். டர்னர் பதிவு செய்யாதிருந்தால் அப்பாட்டிற்கு ஊர் கிடைத்திராது. ஆயின் நூலில் அச்சேறியதோடு பணி முடிந்துவிடவில்லை என்பதை அந்நாற்பது ஆண்டுகள் உணர்த்துகின்றன. களத்தில் பெற்ற சொல்லை, அதன் பொருளோடு, தந்தவர் வீட்டிற்கே கொண்டுசேர்த்தல் நம் ஆய்வின் இறுதிப் பகுதியாதல் வேண்டும்.